77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாருக்கு மின்மேலாண்மைச் சிப்பைத் தேர்ந்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கு மின்வழங்கல் வடிவமைக்கும்போது, வெளியீட்டு மின்னழுத்தத்தின் மேல் பத்து இருபது மில்லிவோல்ட் ரிப்பிள் (மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம்) ஏறி நின்றாலும் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அதே மின்வழங்கலை 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சிப்புக்குக் கொடுத்தால், அந்த ரிப்பிள் சாலையில் இல்லாத ஒரு வண்டியாகத் திரையில் தோன்றும். ரேடாருக்கான மின்மேலாண்மைச் சிப்பைத் தேர்ந்தெடுப்பது மற்றத் தேர்வுகளிலிருந்து வேறுபடுவது இதனால்தான். பலரும் எத்தனை ஆம்பியர், எத்தனை சதவீதத் திறன், என்ன விலை என்ற வரிசையில் தேடத் தொடங்குகிறார்கள். ரேடார் சிப் எந்த அதிர்வெண்ணில் எத்தனை மைக்ரோவோல்ட்டைத் தாங்கும் என்பதிலிருந்து தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி மின்மேலாண்மைச் சிப்புக்கு வந்து சேர்வதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வடிவமைப்பை முழுவதும் பின்தொடர்வோம். காரின் பம்பருக்குப் பின்னால் பொருத்தப்படும் மூலை ரேடார் அது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏடபிள்யூஆர்1843 என்ற ரேடார் சிப் அதில் உள்ளது. கேன் பஸ் என்ற தகவல் தொடர்புக் கம்பி வழியே வண்டியின் மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளுடன் பேசுகிறது. வேறு நிறுவனத்தின் சிப்பானாலும், 60 கிகாஹெர்ட்ஸ் தொழிற்சாலை சென்சாரானாலும் எண்கள் மாறுமே தவிர, செல்ல வேண்டிய வழி இதுதான்.

படி 1: சப்ளைகளின் பட்டியலும் உச்ச மின்னோட்டமும்

டேட்டாஷீட்டில் முதலில் தேட வேண்டியது, சிப்பின் ஒவ்வொரு மின்பின்னுக்கும் தரப்பட்டுள்ள உச்ச மின்னோட்ட அட்டவணையை. ஏடபிள்யூஆர்1843 நான்கு சப்ளைகளைக் கேட்கிறது. டிஜிட்டல் பகுதிக்கும் நினைவகத்துக்கும் 1.2 வோல்ட்டில் 1 ஆம்பியர். ரேடியோ அலைப் பகுதிக்கு 1.3 வோல்ட்டில் 2 ஆம்பியர். அலைஇயற்றி, ஏடிசி (அனலாக் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் பகுதி), கடிகாரம் ஆகியவற்றுக்கு 1.8 வோல்ட்டில் 0.85 ஆம்பியர், உள்ளீடு-வெளியீட்டுப் பின்களுக்கு 3.3 வோல்ட்டில் 0.05 ஆம்பியர். இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் உச்சத் திறன் ஏறத்தாழ 5.5 வாட் வரும். எல்லாச் சப்ளைகளும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவதில்லை. ரேடார் தொடர்ந்து அலையை வீசுவதும் இல்லை. ஆகவே சராசரி இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் மின்மேலாண்மைச் சிப்பில் உள்ள மின்னழுத்த மாற்றிகளின் மின்னோட்ட வரம்பையும் மின்தூண்டிகளின் செறிவு மின்னோட்டத்தையும் உச்சத்தை வைத்தே கணக்கிட வேண்டும். வெப்பத்துக்கு மட்டும் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். அலை வீசும் மூன்று ஆன்டெனாக்களையும் ஒரே நேரத்தில் இயக்கப் போகிறீர்களா? அப்படியானால் 1.3 வோல்ட் சப்ளைக்கு மாறாக 1.0 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்து, சிப்பின் உள்ளே இருக்கும் எல்டிஓ சீராக்கிகளை (சுவிட்ச் இல்லாமல் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் சுற்றுகளை) தவிர்த்துச் செல்லும் முறையைப் பயன்படுத்த வேண்டும். இதனால் சிப்பின் உள்ளே வெப்பம் குறையும். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்று அடுத்த படியில் தெரியும். மின்மேலாண்மைச் சிப் இந்த இரண்டு மின்னழுத்தங்களில் எதைத் தர வேண்டும் என்பது ரேடார் குழுவினரின் இந்த முடிவைப் பொறுத்தது. அவர்களைக் கேட்காமல் மின்வழங்கல் பொறியாளர் தனியே பகுதியைத் தேர்வு செய்து, பலகை வந்தபின் வேறு மின்னழுத்தம் தேவை என்று தெரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது.

படி 2: ரிப்பிள் அட்டவணையைப் படித்தல்

டேட்டாஷீட்டின் இரண்டாவது முக்கிய அட்டவணை, ஒவ்வொரு சப்ளையும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ரிப்பிளைத் தாங்கும் என்பது. 137.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 6.6 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் இந்த வரிசையின் எண்கள் அனைத்தும் மைக்ரோவோல்ட்டில் உள்ளன. 137.5 கிலோஹெர்ட்ஸில் 1.3 வோல்ட் சப்ளைக்கு 648 மைக்ரோவோல்ட் வரை இடம் இருக்கிறது. 1.1 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் அந்த இடம் 4 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. 4.4 மெகாஹெர்ட்ஸில் மீண்டும் 93 மைக்ரோவோல்ட்டாக விரிகிறது. சிப்பின் உள்ளே இருக்கும் எல்டிஓக்கள் தாழ்ந்த அதிர்வெண் ரிப்பிளை நன்றாக அடக்குகின்றன. ஒரு மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது அவற்றின் வலு ஓய்ந்துவிடுகிறது. அதற்கும் மேலே மின்தேக்கிகள் ஓரளவு கைகொடுக்கின்றன.

அதே அட்டவணையில் 1.0 வோல்ட் நெடுவரிசையைப் பாருங்கள். 137.5 கிலோஹெர்ட்ஸில் 648 இருந்த இடத்தில் வெறும் 7 மைக்ரோவோல்ட்தான் இருக்கிறது. உள் எல்டிஓவைத் தவிர்த்ததன் விலை இதுவே. சிப்பின் உள்ளே நடந்துகொண்டிருந்த வடிகட்டும் வேலை முழுவதும் இப்போது உங்கள் பலகையின் மேல் வந்து விழுகிறது.

1.8 வோல்ட் சப்ளையை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மின்னோட்டம் குறைவு என்பதால் பலர் அதைக் கடைசியாகக் கவனிக்கிறார்கள். ஆனால் அலைஇயற்றி அதிலிருந்துதான் உயிர்பெறுகிறது. 4.4 மெகாஹெர்ட்ஸில் அதற்கு அனுமதி 19 மைக்ரோவோல்ட், 1.3 வோல்ட் சப்ளைக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

படி 3: ரிப்பிளை மீட்டரில் கணக்கிடுதல்

மைக்ரோவோல்ட் என்ற அளவு பலருக்கு மனத்தில் பதிவதில்லை. ஆகவே அதை ரேடாரின் மொழியில், அதாவது தூரத்திலும் வேகத்திலும், கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வகை ரேடார் வீசும் அலையின் அதிர்வெண் நேரத்தோடு சீராக ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறும் ஒவ்வொரு துண்டையும் சிர்ப் என்கிறோம். பொருளின் மேல் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதமாக வருவதால், அனுப்பிய அலைக்கும் வந்த அலைக்கும் இடையே ஒரு விம்மல் அதிர்வெண் உண்டாகும். பொருள் எவ்வளவு தொலைவோ அவ்வளவு உயர்ந்த விம்மல். எனவே:

தூரம் = ஒளியின் வேகம் × விம்மல் அதிர்வெண் ÷ (2 × சிர்ப்பின் ஏற்ற வீதம்)

சிர்ப்பின் ஏற்ற வீதம் ஒரு மைக்ரோநொடிக்கு 30 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் இருக்கும் பொருள் 10 மெகாஹெர்ட்ஸ் விம்மலைத் தரும். இந்தச் சிப்பின் விம்மல் பட்டையும், அதாவது அது ஏற்கும் விம்மல் அதிர்வெண்களின் எல்லையும், 10 மெகாஹெர்ட்ஸ்தான். இப்போது மின்வழங்கலின் சுவிட்சிங் அதிர்வெண், அதாவது அதன் சுவிட்ச் நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்பது, 2.2 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். கார் மின்னணுவியலில் மிகப் பரவலான தேர்வு அது. அந்த ரிப்பிள் ஏற்பிச் சுற்றில் கசிந்தால், மேலே உள்ள சமன்பாட்டின்படி அது சரியாக 11 மீட்டரில் நிற்கும் ஒரு பொருளைப் போலத் தோன்றும். 4 மெகாஹெர்ட்ஸ் ரிப்பிள் 20 மீட்டரில் தோன்றும்.

அந்தப் போலிப் பொருள் நகரவும் செய்யும் என்பதுதான் இன்னும் தொல்லை. இரண்டு சிர்ப்களுக்கு இடைவெளி 60 மைக்ரோநொடி என்றால், 2.2 மெகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளிக்குள் சரியாக 132 சுழற்சிகள் முடிகின்றன. ஒவ்வொரு சிர்ப்பிலும் ரிப்பிளின் கட்டம் ஒரே இடத்தில் நிற்பதால் பொருள் அசையாதது போலத் தெரியும். சுவிட்சிங் அதிர்வெண் வெப்பத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினால் போதும், சுழற்சிகள் 132.132 ஆகும். சிர்ப்புக்குச் சிர்ப் கட்டம் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து வேகத்தை அறியும் டாப்ளர் கணக்கீடு, எஞ்சும் அந்த 0.132 சுழற்சியைப் பொருளின் வேகம் என்று எடுத்துக்கொள்ளும். 77 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.9 மில்லிமீட்டர்; கணக்கைப் போட்டால் நொடிக்கு 4.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வருகிறது. தனித்து ஓடும் பக் மாற்றிகளின் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுவிட்சிங் மாற்றிகளின்) அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு விலகக்கூடியது. பதினொரு மீட்டர் தொலைவில் மிதிவண்டி வேகத்தில் நகரும் ஒன்றைக் கண்டு பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கணக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்று புரியும்.

இவ்வளவு சிறிய ரிப்பிள் எப்படி இரைச்சலுக்கு மேலே எழுகிறது? ஒரு சிர்ப்பில் 256 மாதிரிகளும் ஒரு சட்டகத்தில் (ஒரே அளவீடாகச் சேர்த்துக் கணக்கிடப்படும் சிர்ப்களின் தொகுப்பில்) 128 சிர்ப்களும் எடுத்து ஃபூரியே மாற்றம் செய்யும்போது, ஒழுங்கான அதிர்வுகள் இரைச்சலைவிட ஏறத்தாழ 45 டெசிபல் மேலே தூக்கப்படுகின்றன. தொலைவில் இருக்கும் பாதசாரியைக் காண உதவும் அதே கணிதம், ரிப்பிளையும் அதே அளவுக்கு உயர்த்திக் காட்டுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. ரிப்பிள் அலைஇயற்றியின் சப்ளையில் நுழைந்தால், அனுப்பும் அலையின் கட்டமே அசையும். அப்போது போலிப் பொருள் ஒரு நிலையான தூரத்தில் தோன்றாமல், வலுவாக எதிரொலிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னும் பின்னும் நிழலைப் போல ஒட்டிக்கொண்டு தோன்றும். சாலையோர இரும்புத் தடுப்பு ஒன்று இருந்தால், அதன் இரு பக்கமும் வேறு தடுப்புகள் இருப்பதாகத் தெரியும்.

படி 4: சுவிட்சிங் அதிர்வெண்

இப்போதுதான் மின்மேலாண்மைச் சிப்களின் பட்டியலைத் திறக்க வேண்டும். முதலில் வடிகட்ட வேண்டிய அளவுகோல் சுவிட்சிங் அதிர்வெண்.

சில நூறு கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மாற்றிகளை உடனே ஒதுக்கிவிடலாம். அவற்றின் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகள் பலவும் விம்மல் பட்டைக்குள் வந்து விழும். தவிர 1.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஏஎம் வானொலிப் பட்டை இருப்பதால், வண்டி மின்னணுப் பகுதிகளின் வானொலி இடையூற்றை அளக்கும் சிஸ்பர் 25 தரநிலையின் உமிழ்வுச் சோதனையிலும் அவை தொல்லை தரும். 2.2 மெகாஹெர்ட்ஸ் அந்த வானொலிப் பட்டையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் ரேடாரின் பட்டையைத் தாண்டவில்லை.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்பி87524 நான்கு பக் மாற்றிகளை ஒரே சிப்பில் வைத்து 4 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, 2.8 முதல் 5.5 வோல்ட் வரை உள்ளீடு ஏற்கிறது. இந்தக் குடும்ப ரேடார் சிப்களோடு நெடுநாள் பயன்பட்டு வரும் பகுதி இது. ரிப்பிள் பட்டைக்குள்தான் விழுகிறது, ஆனால் 1.1 மெகாஹெர்ட்ஸ் பள்ளத்திலிருந்து விலகி, வரம்பு சற்றுத் தளர்ந்திருக்கும் இடத்தில் விழுகிறது. அதற்குப் பின் வந்த எல்பி87745 அதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. மூன்று பக் மாற்றிகளும், மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு 5 வோல்ட் பூஸ்ட் மாற்றியும் கொண்ட அது 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். நம் எடுத்துக்காட்டில் 17.6 மெகாஹெர்ட்ஸ் என்பது 88 மீட்டருக்குச் சமம். விம்மல் பட்டையோ 50 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. ரிப்பிள் பட்டைக்கு வெளியே போய்விட்டால், அதைச் சிப்பின் சொந்த வடிகட்டிகளே வெட்டிவிடும். சுவிட்சிங் இழப்பு கூடி, திறன் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வரப்போகும் வடிகட்டிகளும் எல்டிஓக்களும் மிச்சமாவதைக் கணக்கில் சேர்த்தால், புதிய வடிவமைப்புக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். இன்ஃபினியான் நிறுவனமும் டிஎல்எஃப்30682 என்ற சிப்பை 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கென்றே தருகிறது. ரேடார் சிப்பும், ஆரிக்ஸ் என்ற மைக்ரோகண்ட்ரோலரும் அந்த நிறுவனத்தினுடையதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குவது இயல்பு.

பலகையில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றிகள் இருந்தால், அவற்றின் அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் பாருங்கள். முன்பகுதி மாற்றி 2.1 மெகாஹெர்ட்ஸிலும் மின்மேலாண்மைச் சிப் 4 மெகாஹெர்ட்ஸிலும் ஓடினால், முதலாவதன் இரண்டாம் மடங்குக்கும் இரண்டாவதற்கும் இடையே 200 கிலோஹெர்ட்ஸ் விம்மல் பிறக்கும். அது வடிகட்டவே கடினமான இடம். வெளிக் கடிகாரத்தோடு ஒத்திசையும் வசதி சிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, எல்லா மாற்றிகளையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிடுவது நல்லது. அதே சிப்பில் உள்ள மாற்றிகள் ஒரே கணத்தில் சுவிட்ச் ஆகாமல், கட்டங்கள் விலகி நடப்பதும் உள்ளீட்டு ரிப்பிளைக் குறைக்கும்.

சுவிட்சிங் அதிர்வெண்ணைச் சற்றே அலையவிட்டு உமிழ்வின் உச்சத்தைத் தாழ்த்தும் விரிவலைக்கற்றை வசதி பல சிப்களில் உண்டு. உமிழ்வுச் சோதனைக்கு அது நல்லதுதான். ஆனால் அது ஆற்றலை அழிப்பதில்லை, பரப்பிவிடுகிறது. ரிப்பிள் விம்மல் பட்டைக்குள் இருக்கும்போது இந்த வசதியை இயக்கினால், ஒரு கூர்முனை மறைந்து அதன் இடத்தில் அகலமான இரைச்சல் மேடு எழும். வலுவற்ற எதிரொலிகள் அதில் மூழ்கும். பட்டைக்கு வெளியே இருந்தால் தயங்காமல் இயக்கலாம்.

படி 5: எல்டிஓவா, வடிகட்டியா

பக் மாற்றிக்குப் பின்னால் எல்டிஓ வைப்பது பழைய வழி. அமைதியான சப்ளை கிடைக்கும் என்பது ஓரளவுக்கே உண்மை. எல்டிஓவின் ரிப்பிள் தடுப்புத் திறன் அதிர்வெண் ஏற ஏறக் குறையும் என்பதால், 4 மெகாஹெர்ட்ஸில் அது என்ன செய்கிறது என்பதை அதன் வரைபடத்தில் பார்த்த பின்பே நம்ப வேண்டும். வெப்பமோ நிச்சயம். 1.8 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட்டை 2 ஆம்பியரில் எல்டிஓ வழியே எடுத்தால் 1 வாட் வீணாகிறது. காற்றுப் புகாத, விசிறி இல்லாத, பம்பருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் 1 வாட் என்பது பெரிய சுமை.

ஆகவே இப்போது பெரும்பாலும் மின்தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட இரண்டாம் நிலை வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே காகிதக் கணக்கு எளிதில் ஏமாற்றும். 100 நானோஹென்றி மின்தூண்டியும் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் 107 கிலோஹெர்ட்ஸ் வரும். 4 மெகாஹெர்ட்ஸில் இது 63 டெசிபல் தணிக்க வேண்டும். மாற்றியின் வெளியீட்டில் 3 மில்லிவோல்ட் ரிப்பிள் இருந்தால், வடிகட்டிக்குப் பின் 2 மைக்ரோவோல்ட் மட்டுமே மிஞ்ச வேண்டும்.

ஆனால் அந்த மின்தேக்கியின் கால்களிலும் செப்புத் தடத்திலும் துளைகளிலும் சேர்ந்து 1 நானோஹென்றி தூண்டல் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். அப்போது மின்தேக்கி 1.07 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மின்தேக்கியாகவே நடந்துகொள்ளாது. ஒரு சிறு மின்தூண்டியாக மாறிவிடும். 100 நானோஹென்றிக்கும் 1 நானோஹென்றிக்கும் உள்ள விகிதம்தான் மிஞ்சும்: நூறு மடங்கு, 40 டெசிபல். 2 மைக்ரோவோல்ட் என்று நினைத்தது 30 மைக்ரோவோல்ட்டாக வந்து நிற்கும். 1.3 வோல்ட் சப்ளையின் வரம்புக்கு அது உட்பட்டதுதான். 1.8 வோல்ட் சப்ளைக்கோ வரம்பு 19, அங்கே தோற்றுவிட்டது. உள்தூண்டல் மிகக் குறைந்த மூன்று முனை மின்தேக்கிகளை இந்த இடத்தில் போடுவதும், சிறு மதிப்பு மின்தேக்கிகளை இணையாக வைப்பதும், தரைத் தளத்துக்குப் பல துளைகளை மின்தேக்கியின் ஓரத்திலேயே இடுவதும் அலங்காரத்துக்கு அல்ல.

இதில் மின்மேலாண்மைச் சிப்பின் தேர்வோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று இருக்கிறது. வடிகட்டியின் மின்தூண்டிக்கோ, அதற்குப் பதிலாக வைக்கும் ஃபெரைட் பீடு என்ற இரைச்சல் தடுப்பிக்கோ 20 மில்லிஓம் மின்தடை இருந்தால், 2 ஆம்பியரில் 40 மில்லிவோல்ட் விழும். 1.3 வோல்ட் சப்ளைக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை சுமார் 1.23 முதல் 1.36 வோல்ட் வரை. அந்த 130 மில்லிவோல்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கேயே போய்விடுகிறது. வடிகட்டிக்குப் பின்னால் இருந்து மின்னழுத்தத்தை உணர்ந்தால் இது சரியாகும். ஆனால் அப்படி உணரும்போது பின்னூட்ட வளையத்துக்குள் கூடுதலாக இரண்டு துருவங்கள் (கட்டத்தைத் தாமதப்படுத்தும் கூறுகள்) நுழைகின்றன. எல்லாச் சிப்களும் அந்த நிலையில் அலைவின்றி நிற்பதில்லை. வடிகட்டிக்குப் பின் உணர்வதைத் தயாரிப்பாளர் ஆதரிக்கிறாரா, எந்த மதிப்புகள் வரை என்று டேட்டாஷீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிப்பை ஒதுக்கிவிடுங்கள்.

படி 6: பேட்டரிப் பக்கம்

காரின் பேட்டரி 12 வோல்ட் என்பது பெயரளவில்தான். ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, வேறொரு வண்டியின் துணையோடு இயக்கும் நிலைக்கு 24 வோல்ட்டையும், மின்னாக்கி ஓடும்போது பேட்டரி இணைப்பு அறுந்தால் எழும் அலைக்கு, அடக்கும் பகுதி உள்ள வண்டிகளில், 35 வோல்ட்டையும், முனைகள் மாறி இணைக்கப்பட்டால் 60 நொடிக்கு மைனஸ் 14 வோல்ட்டையும் சோதிக்கிறது. குளிரில் எஞ்சினை இயக்கும்போது மின்னழுத்தம் சில வோல்ட் வரை சரியும். 5.5 வோல்ட் மட்டுமே தாங்கும் மின்மேலாண்மைச் சிப்பை நேரடியாக இங்கே இணைக்க முடியாது. 36 அல்லது 40 வோல்ட் தாங்கும் முன்பகுதி மாற்றி ஒன்று தேவை.

அந்த மாற்றி 5 வோல்ட் தர வேண்டுமா, 3.3 வோல்ட்டா என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி. 5 வோல்ட் என்றால் கேன் டிரான்ஸீவருக்கும் (கேன் பஸ்ஸில் தகவலை அனுப்பிப் பெறும் சிப்புக்கும்) அதையே கொடுத்துவிடலாம். ஆனால் பேட்டரி 5 வோல்ட்டுக்குச் சரிந்தவுடன் முழுச் சென்சாரும் தடுமாறும். 3.3 வோல்ட் என்றால் பேட்டரி ஏறத்தாழ 4 வோல்ட் வரை சரிந்தாலும் பக் மாற்றியே சமாளிக்கும். கேன் டிரான்ஸீவருக்கு 5 வோல்ட்டைத் தனியே உருவாக்க வேண்டும். மேலே சொன்ன எல்பி87745 3.3 வோல்ட் உள்ளீட்டையும் ஒரு பூஸ்ட் மாற்றியையும் ஒன்றாக வைத்திருப்பது இதற்காகவே. எஞ்சினைத் தொடங்கும் கணத்திலும் ரேடார் உயிரோடு இருக்க வேண்டும் என்று வண்டித் தயாரிப்பாளர் கேட்டால் 3.3 வோல்ட் வழியே சிறந்தது.

படி 7: சுமை தாவும்போது

ரேடார் ஒரு சட்டகத்தில் சில மில்லிநொடிகள் மட்டும் அலையை வீசி, பிறகு ஓய்வெடுக்கும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 1.3 வோல்ட் சப்ளையில் மின்னோட்டம் திடீரெனத் தாவும். அந்தத் தாவலில் சரியும் மின்னழுத்தம் மீள்வதற்குள் முதல் சில சிர்ப்கள் போய்விட்டால், அவற்றின் கட்டம் மற்றவற்றோடு பொருந்தாமல் டாப்ளர் முனைகள் அகன்றுவிடும். எனவே மாற்றியின் மீட்சி நேரத்தைச் சட்டகத்தின் தொடக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் மென்பொருளில் முதல் சில சிர்ப்களைப் பதிவு செய்யாமல் விடுவதும் எளிய, நல்ல தீர்வு.

சுமை குறைந்தால் சில மாற்றிகள் தாமாகவே துடிப்புகளைத் தவிர்த்து மின்சாரம் மிச்சப்படுத்தும் முறைக்குப் போய்விடும். அந்த முறையில் ரிப்பிளின் அதிர்வெண் சுமைக்கேற்ப நூறு கிலோஹெர்ட்ஸ் அளவுக்கும் கீழே அலைந்துகொண்டிருக்கும், அளவும் பெருகும். அலை வீசும் நேரத்தில் மாற்றியை நிலையான அதிர்வெண்ணிலேயே ஓட வைக்கும் அமைப்பு இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் 60 கிகாஹெர்ட்ஸ் சென்சாரில், ஓய்வில் ஓர் இயக்க முறைக்கும் விழிப்பில் வேறோர் இயக்க முறைக்கும் மாற்றிக்கொள்ளக் கட்டளை இருந்தால் நல்லது.

படி 8: பாதுகாப்பும் எழும் வரிசையும்

மூலை ரேடாருக்கு, வண்டி மின்னணுவியலின் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 26262இன் ஏசில் பி என்ற பாதுகாப்பு நிலை பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஒற்றைப் பிழைகளில் 90 சதவீதமும் மறைந்திருக்கும் பிழைகளில் 60 சதவீதமும் கண்டறியப்பட வேண்டும் என்பது அதன் அளவு. மின்மேலாண்மைச் சிப்பில் ஒவ்வொரு சப்ளைக்கும் மேல் எல்லை, கீழ் எல்லைக் கண்காணிப்பு இருக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பின் ஒப்பு மின்னழுத்தமும் மாற்றியின் ஒப்பு மின்னழுத்தமும் வெவ்வேறாக இருப்பது இன்றியமையாதது. இரண்டும் ஒன்றேயானால், அது நகரும்போது சப்ளையும் சேர்ந்து நகரும், கண்காணிப்பு அதைப் பார்க்காது. கேள்வி-பதில் வாட்ச்டாக் (கண்ட்ரோலர் சரியாக இயங்குகிறதா என்று கேள்வி கேட்டுச் சோதிக்கும் சுற்று), தொடக்கத்தில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி, தயாரிப்பாளரின் பாதுகாப்புக் கையேடு ஆகியவற்றையும் கேட்டுப் பெறுங்கள். கையேட்டைப் படித்த பின்பே சிப்பை உறுதி செய்ய வேண்டும். அதில் சொல்லப்படும் முன்நிபந்தனைகள் சில வேளைகளில் கூடுதல் சுற்றுகளைக் கேட்கும்.

எழும் வரிசையில் ஒன்றே முக்கியம். எல்லாச் சப்ளைகளும் நிலைபெற்று, தொடக்க முறையைத் தீர்மானிக்கும் பின்களும் உறுதியான பிறகே ரேடார் சிப்பின் ரீசெட் விடுவிக்கப்பட வேண்டும். இந்தத் தாமதத்தைச் சிப்பின் நிரந்தர நினைவகத்தில் எழுதிவிட முடிந்தால் வெளிச் சுற்று தேவைப்படாது.

படி 9: வெப்பமும் பகுதி எண்ணும்

உச்சத்தில் 5.5 வாட் தரும் சிப் 85 சதவீதத் திறனில் ஓடினால் ஏறத்தாழ 1 வாட்டைத் தானே வெப்பமாக்கும். பலகையில் ஒரு வாட்டுக்கு 30 டிகிரி ஏறும் என்றால், பெட்டியின் உள்ளே 105 டிகிரி இருக்கும்போது சிப்பின் உள்வெப்பம் 135ஐத் தொடும். வண்டிகளுக்கான சிப்களைச் சோதிக்கும் ஏஇசி-க்யூ100 தகுதியின் முதல் தரம், அதாவது மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை, இங்கே குறைந்தபட்சத் தேவை.

பல மின்மேலாண்மைச் சிப்களில் வெளியீட்டு மின்னழுத்தங்களும் வரிசையும் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டு, பகுதி எண்ணின் கடைசி எழுத்துகளால் மட்டுமே வேறுபடுத்தப்படுகின்றன. 1.3 வோல்ட்டுக்கு எழுதப்பட்டதும் 1.0 வோல்ட்டுக்கு எழுதப்பட்டதும் பார்வைக்கு ஒன்றே. கொள்முதல் பட்டியலில் முழு எண்ணையும் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்று கடைசி எழுத்து மாறிய பகுதியை வாங்க யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

படி 10: அளந்து உறுதி செய்தல்

பத்து மடங்கு குறைத்துக் காட்டும் சாதாரண புரோபுடன் ஆசிலோஸ்கோப்பில் மைக்ரோவோல்ட்டைப் பார்க்க முடியாது. ரேடார் சிப்பின் மின்பின்னுக்கு அருகிலுள்ள மின்தேக்கியின் மேல் ஒரு மெல்லிய கோஆக்சியல் கம்பியை நேரடியாகப் பற்றவைத்து, நேர்மின்சாரத்தைத் தடுக்கும் பகுதி வழியே நிறமாலைப் பகுப்பாய்வியில் இணைத்து, அட்டவணையின் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரேடார் அலை வீசும்போதும் ஓய்வில் இருக்கும்போதும், குறைந்த வெப்பத்திலும் உயர்ந்த வெப்பத்திலும் தனித்தனியே அளவிடுங்கள்.

அதன்பின் ரேடாரையே அளவுகோலாக்குங்கள். எதிரொலி இல்லாத அறையில், ஆன்டெனாவுக்கு முன் எதுவும் இல்லாத நிலையில் தூரப் படத்தை எடுத்தால், எஞ்சும் கூர்முனைகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. சிர்ப்பின் ஏற்ற வீதத்தை 30லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாக மாற்றுங்கள். உண்மையான பொருள் இருந்த தூரத்திலேயே நிற்கும். மின்வழங்கலிலிருந்து வந்த போலி மட்டும் 11 மீட்டரிலிருந்து 16.5 மீட்டருக்கு நகர்ந்துவிடும். ஏனெனில் அதன் அதிர்வெண் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. எந்தச் சப்ளையிலிருந்து வருகிறது என்று அறிய, மாற்றிகளின் சுவிட்சிங் அதிர்வெண்ணை ஒவ்வொன்றாகச் சிறிது மாற்றி, எந்த மாற்றத்தோடு அந்தக் கூர்முனை நகர்கிறது என்று பாருங்கள். அடுத்ததாக, ரேடார் அலையை வந்த வழியே வலுவாகத் திருப்பியனுப்பும் ஒரு மூலைப் பிரதிபலிப்பானை நட்டு, அதன் இரு பக்கமும் சம தூரத்தில் நிழல் முனைகள் எழுகின்றனவா என்று பாருங்கள். எழுந்தால் திரும்பிப் போக வேண்டிய இடம் 1.8 வோல்ட் சப்ளையின் வடிகட்டி.